பார்பேரியன்ஸ் ரக்பி அணி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1973-ல் வேல்ஸ் தலைநகர் கார்டிஃபில் பார்பேரியன்ஸ் ரக்பி அணிக்காக கேரத் எட்வர்ட்ஸ் போட்ட டிரையை (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது) நான் யாருக்காவது போனில் காட்டாத மாதம் கிடையாது. பார்த்து முடித்ததும் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். "யார் இந்தக் கறுப்பு வெள்ளை ஜெர்சிக்காரர்கள்?" என்பதில் தொடங்கி, சாக்ஸுக்கு வந்து, கடைசியில் பணம், அரசியல் என்று போய் நிற்கும். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்வதற்குப் பதிலாக எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

இது எந்த நாட்டு அணி?

எந்த நாட்டு அணியும் இல்லை. பிரிட்டனில் தொடங்கிய, 15 பேர் ஆடும் ரக்பி யூனியன் கிளப் இது. ஆனால் இதற்கு நிரந்தர ஆட்டக்காரர்கள் கிடையாது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பல நாடுகளிலிருந்து, பல கிளப்களிலிருந்து ஆட்களை அழைத்து ஓர் அணியைச் சேர்ப்பார்கள். ஆட்டம் முடிந்ததும் அந்த அணி கலைந்துவிடும். அடுத்த ஆட்டத்துக்கு வேறு முகங்கள் வரும்.

நியூசிலாந்துக்காரரும் தென்னாப்பிரிக்கக்காரரும் அயர்லாந்துக்காரரும் ஒரே ஜெர்சியில் ஆடுவதை இந்த அணியில் பார்க்கலாம். போன வாரம் ஒருவரையொருவர் மோதித் தள்ளியவர்கள் இந்த வாரம் தோளோடு தோள் சேர்த்து ஸ்க்ரம்மில், அதாவது இரு அணியின் முன்வரிசைக்காரர்களும் பந்துக்காகப் பிணைந்து முட்டித் தள்ளும் இடத்தில், குனிந்து நிற்பார்கள்.

அப்படியானால் ஐ.பி.எல். மாதிரியா?

பல நாட்டு ஆட்கள் ஒரே ஜெர்சியில் ஆடுகிறார்கள் என்பது மட்டும்தான் ஒற்றுமை. இங்கே ஏலம் கிடையாது, லீக் கிடையாது, புள்ளிப் பட்டியல் கிடையாது. இந்த ஊர் அணி, அந்த ஊர் அணி என்றும் இல்லை. ஓர் அழைப்பு வரும், போய் ஆடுவார்கள், அவ்வளவுதான்.

சொந்த மைதானம்கூட இல்லையாமே? பிறகு எப்படி அது கிளப்?

உண்மைதான். மைதானம், கிளப் கட்டடம், உறுப்பினர் சந்தா மூன்றுமே இல்லை. இருப்பது ஒரு குழு, ஒரு ஜெர்சி, இத்தனை வருடப் பழக்கவழக்கங்கள். ஒருமுறை அழைக்கப்பட்டு ஆடிவிட்டால் நீங்கள் அந்தக் கிளப்பின் ஆள். விண்ணப்பம் போட்டுச் சேர வழியே இல்லை.

எல்லா ஆட்டமும் வெளியூர் ஆட்டம் என்பதால், யாராவது "எங்கள் ஊருக்கு வாருங்கள்" என்று கூப்பிட்டால்தான் ஆட்டமே உண்டு. ஆட்டக்காரர்களை அணி அழைக்கிறது, அணியை ஊர்கள் அழைக்கின்றன. 1890-லிருந்து இப்படியே ஓடுகிறது.

யார் ஆரம்பித்தது? எதற்காக?

வில்லியம் பெர்சி கார்ப்மேல் என்பவர். நண்பர்களுக்கு 'டாட்டி'. கேம்பிரிட்ஜில் படித்தவர், லண்டன் பக்கத்து பிளாக்ஹீத் கிளப்பில் ஆடியவர். அந்தக் காலத்தில் பெரும்பாலான ஆங்கிலேய கிளப்கள் மார்ச் தொடக்கத்திலேயே பருவத்தை முடித்துக்கொண்டு பந்தை மூட்டை கட்டிவிடும். கிளப்கள் ஊர் ஊராகப் போய் ஆடும் வழக்கமும் அரிது. கார்ப்மேலுக்குப் பயணம் போய் ஆடுவதில்தான் ருசி. பகலில் ஆட்டம், இரவில் எதிரணியோடு சாப்பாடும் பேச்சும்.

1890 வசந்த காலத்தில் தெற்கிலிருந்து ஒரு நாடோடி அணியைத் திரட்டிக்கொண்டு இங்கிலாந்தின் வட மாவட்டங்களுக்குப் போனார். பயணம் முடியும் தறுவாயில் பிராட்ஃபோர்டு நகரில், டார்லி தெருவிலிருந்த லாய்க்டர்ஸ் உணவகத்தில் இரவுச் சாப்பாடு. இப்படியே நிரந்தரமாக ஒரு பயண அணி வைத்தால் என்ன என்ற பேச்சு அங்கேதான் எழுந்தது. அதே ஊரின் அலெக்ஸாண்ட்ரா ஹோட்டலில் ஏப்ரல் 9, 1890 அன்று கிளப் பிறந்துவிட்டது. அதே வருடம் டிசம்பர் 27 அன்று முதல் ஆட்டம், ஹார்ட்டில்பூல் ரோவர்ஸ் அணிக்கு எதிராக. 9-4 என்று ஜெயித்தார்கள்.

'பார்பேரியன்' என்றால் காட்டுமிராண்டி என்றுதானே அர்த்தம்? அதை யாராவது பெயராக வைப்பார்களா?

இன்றைய ஆங்கிலத்தில் அந்த அர்த்தம்தான். பழைய கிரேக்கர்கள் தங்கள் மொழி பேசாத எல்லா வெளியாட்களையும் இந்தச் சொல்லால்தான் குறித்தார்கள். வேற்று மொழிக்காரன், அந்நியன், வெளியூரான் என்ற பொருள் அதில் இருந்தது. பல்கலைக்கழகத்தில் கிரேக்கமும் லத்தீனும் படித்துவிட்டு வந்த அன்றைய இளைஞர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சொந்த ஊர் இல்லாத அணிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது என்பது என் எண்ணம்.

செல்லமாக 'பாபாஸ்' என்பார்கள். தொலைக்காட்சி வர்ணனையில் இந்தச் சொல் காதில் விழுந்தால் குழம்ப வேண்டாம், இதே அணிதான்.

ஜெர்சி ஒன்றாக இருக்கிறது, சாக்ஸ் மட்டும் ஏன் ஆளுக்கொரு நிறம்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. கறுப்பு வெள்ளைக் குறுக்குப் பட்டை போட்ட ஜெர்சியும் கறுப்புக் கால்சட்டையும் எல்லோருக்கும் பொது. சாக்ஸ் மட்டும் அவரவர் சொந்த கிளப்புடையது. நீ எங்கிருந்து வந்தாயோ அந்த ஊரை மறைக்க வேண்டாம், காலில் அணிந்துகொண்டே வா என்பதுதான் ஏற்பாடு.

ஒரு லைன்-அவுட் (வெளியே போன பந்தை உள்ளே எறிய, இரு அணியும் வரிசையாக நின்று பிடிப்பது) நடக்கும்போது கேமரா கீழே இறங்கினால் பாருங்கள். வரிசையாக நிற்கும் கால்களில் ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை, ஒன்று பட்டை போட்டது, ஒன்று சேறு அப்பி நிறமே தெரியாதது. மேலே பார்த்தால் ஒரே அணி. கீழே பார்த்தால் அத்தனை ஊர். சில ஆட்டக்காரர்கள் தங்களை வளர்த்த சின்ன கிளப்பின் சாக்ஸை எடுத்து வந்து போட்டுக்கொள்வார்கள். நாட்டு அணிக்கு ஆடும் ஒருவர் உலகத் தொலைக்காட்சி முன்னால் தன் ஊர்ப் பையன்களின் சாக்ஸோடு ஓடுவதைப் பார்த்தால் அந்த ஊருக்கு எப்படி இருந்திருக்கும்!

அழைப்பு யாருக்கு வரும்? பெரிய நட்சத்திரமாக இருந்தால் போதுமா?

போதாது. இரண்டு விஷயம் பார்ப்பார்கள். ஆட்டம் உயர்ந்த தரத்தில் இருக்க வேண்டும். மைதானத்திலும் வெளியிலும் நடத்தை நன்றாக இருக்க வேண்டும். இனம், நிறம், மதம் எதுவும் தகுதியில் வராது என்பது கிளப்பின் கொள்கை. (நடைமுறையில் அந்தக் கொள்கை சோதனைக்கு உள்ளானதைத் தென்னாப்பிரிக்கா பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.)

இன்னொரு அழகான மரபு உண்டு. நாட்டு அணிக்கு இதுவரை ஆடாத ஒருவருக்காவது ஒவ்வோர் அணியிலும் இடம் தருவது. ரக்பியில் நாட்டுக்காக ஆடுவதைக் 'கேப்' வாங்குவது என்பார்கள். கேப் வாங்காத ஓர் இளைஞன் உலகின் தலைசிறந்த 14 பேரோடு உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து ஷூ கயிறு கட்டுகிறான் என்று நினைத்துப் பாருங்கள். 1973 ஆட்டத்தில் அந்த இடம் பாப் வில்கின்சனுக்குக் கிடைத்தது. வேல்ஸின் மெர்வின் டேவிஸுக்கு உடம்பு சரியில்லாமல் போகவே, கடைசி நேரத்தில் வந்த டாம் டேவிடும் அப்போது கேப் வாங்காதவர்தான். அவர் என்ன செய்தார் என்பது கீழே வரும்.

'ஜென்டில்மேன்களுக்கான ஆட்டம்' என்று ஏதோ வாசகம் சொல்கிறார்களே, அது பணக்காரர்களுக்கான கிளப் என்றுதானே பொருள்?

அந்த வாசகத்தை முழுதாகப் படித்தால் அப்படித் தோன்றாது. பார்பேரியன்ஸுக்கு ஆடிய வால்டர் கேரி பிற்பாடு தென்னாப்பிரிக்காவின் புளூம்ஃபோன்டைனில் பிஷப் ஆனார். அவர் சொன்னதன் சாரம் இது: ரக்பி எல்லா வர்க்கத்திலும் உள்ள கண்ணியவான்களுக்கான ஆட்டம், எந்த வர்க்கத்திலும் உள்ள மோசமான ஆட்டக்காரனுக்கானது இல்லை. கிளப் இதையே தன் வாசகமாக வைத்துக்கொண்டது.

தொடங்கியவர்கள் வசதியான வீட்டுப் பிள்ளைகள் என்பது உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வேல்ஸ் நாட்டு ரக்பி நிலக்கரிச் சுரங்க ஊர்களின் ஆட்டம். அந்த ஊர்ப் பிள்ளைகள் இல்லாமல் இந்த அணியின் கதையே இல்லை. கேரத் எட்வர்ட்ஸின் அப்பா சுரங்கத் தொழிலாளி.

ஈஸ்டர் பயணம் என்றால் என்ன?

பல பத்தாண்டுகள் இந்தக் கிளப்பின் உயிர்நாடியே அதுதான். ஒவ்வொரு ஈஸ்டருக்கும் தெற்கு வேல்ஸ் போவார்கள். பெரிய வெள்ளியன்று பெனார்த், சனிக்கிழமை கார்டிஃப், திங்கட்கிழமை ஸ்வான்சி, செவ்வாய்க்கிழமை நியூபோர்ட். நடுவில் வரும் ஞாயிற்றுக்கிழமை கோல்ஃப். தங்குவது பெனார்த் கடற்கரையில் இருந்த எஸ்பிளனேடு ஹோட்டல். ஐந்து நாளில் நான்கு ஆட்டம், இன்றைய உடற்பயிற்சி நிபுணர்கள் கேட்டால் தலையில் கை வைப்பார்கள்.

இதில் பெனார்த்தான் என் மனதைத் தொடுவது. மற்ற மூன்றும் பெரிய கிளப்கள். பெனார்த் சின்ன ஊர், சின்ன கிளப். ஆனாலும் வருடா வருடம் நாட்டு அணி நட்சத்திரங்கள் அந்த ஊர் மைதானத்தில் வந்து இறங்குவார்கள். ஊர்த் திருவிழாவுக்கு நாள் குறித்து வைப்பதுபோல அந்தப் பெரிய வெள்ளிக்கு ஊரே காத்திருக்கும். 1901-ல் தொடங்கிய அந்த ஆட்டம் 1986-ல் நின்றது. சர்வதேச ஆட்டங்கள் பெருகி, ஆட்டக்காரர்களை விடுவிக்க கிளப்கள் தயங்கத் தொடங்க, 1990-களின் நடுவில் ஈஸ்டர் பயணமே முடிவுக்கு வந்தது.

கிறிஸ்துமஸை ஒட்டி லெஸ்டர் அணியோடு ஆடுவதும் இப்படி ஒரு நெடுநாள் வழக்கம். 1909-ல் தொடங்கியது.

மாப்ஸ் நினைவு ஆட்டம் என்கிறார்களே, யார் அந்த மாப்ஸ்?

எட்கர் மாப்ஸ் நார்தாம்டன் கிளப்பின் ஆட்டக்காரர், இங்கிலாந்து அணிக்கு 7 முறை ஆடியவர், பார்பேரியன்ஸுக்கும் ஆடியவர். 1914-ல் முதல் உலகப் போர் தொடங்கியபோது அவருக்கு 32 வயது. அதிகாரியாகச் சேர வயது அதிகம் என்று திருப்பி அனுப்பினார்கள். சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். போனது தனியாக இல்லை. விளையாட்டு வீரர்களும் ரசிகர்களுமாக ஒரு தனிப் படைப்பிரிவே அவர் பின்னால் திரண்டு வந்தது. படிப்படியாக உயர்ந்து லெப்டினன்ட் கர்னல் ஆனார்.

1917 ஜூலை 31, பெல்ஜியத்தில் நடந்த மூன்றாம் ஈப்ர் சண்டையின் முதல் நாள். ஓர் இயந்திரத் துப்பாக்கி நிலையை நோக்கிப் போனபோது குண்டடி பட்டார். விழுந்த பிறகும் அந்தத் துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் குறித்து அனுப்பிவிட்டுத்தான் உயிரை விட்டார். உடல் கிடைக்கவில்லை. ஈப்ர் நகரின் மெனின் வாயில் நினைவுச் சின்னத்தில் அவர் பெயர் இருக்கிறது.

1921-லிருந்து அவர் நினைவாக நார்தாம்டனில் ஈஸ்ட் மிட்லண்ட்ஸ் அணியும் பார்பேரியன்ஸும் வருடந்தோறும் ஆடின. 2011 வரை பார்பேரியன்ஸ் அதில் பங்கெடுத்தது. அதன் பிறகு பிரிட்டிஷ் ராணுவ அணி அந்த இடத்துக்கு வந்தது. ஒரு கிளப் ஒரு மனிதனை 90 வருடம் மறக்காமல் இருந்திருக்கிறது.

பெரிய நாட்டு அணிகளோடு ஆடும் வழக்கம் எப்படி வந்தது?

பணப் பற்றாக்குறையால் வந்தது. 1947-48-ல் ஆஸ்திரேலிய அணி பிரிட்டனில் பயணம் செய்துகொண்டிருந்தது. திரும்பும் வழியில் வட அமெரிக்காவில் ஆடிவிட்டுப் போக ஆசை, கையில் காசில்லை. டிக்கெட் பணத்தை அதற்குக் கொடுக்கலாம் என்று கடைசியாக ஓர் ஆட்டம் ஏற்பாடு செய்தார்கள். எதிரணியாக பார்பேரியன்ஸை நிறுத்தினார்கள்.

1948 ஜனவரி 31, கார்டிஃப். மைதானம் நிரம்பி வழிந்தது. பார்பேரியன்ஸ் 9-6 என்று ஜெயித்தது. ஆட்டம் எல்லோருக்கும் பிடித்துப்போகவே, பயணம் வரும் பெரிய அணிகள் கிளம்பும் முன் பார்பேரியன்ஸோடு ஆடிவிட்டுப் போவது மரபாகிவிட்டது.

ஒருவர் தன் சொந்த நாட்டுக்கு எதிராகவே ஆடலாமா? சங்கடமாக இருக்காதா?

ஆடலாம், ஆடியிருக்கிறார்கள். சிறந்த உதாரணம் இயன் கிளார்க். நியூசிலாந்தின் ஆல் பிளாக்ஸ் அணியில் ப்ராப், அதாவது ஸ்க்ரம்மின் முன்வரிசையில் மாட்டிக்கொண்டு முட்டும் கனத்த ஆள். 1964 பிப்ரவரியில் ஆல் பிளாக்ஸின் கடைசி ஆட்டத்துக்கு அவரை பார்பேரியன்ஸ் தன் பக்கம் அழைத்துக்கொண்டது. பல மாதம் சேர்ந்து பயணம் செய்த தோழர்களுக்கு எதிராகவே இறங்கினார்.

அன்று பார்பேரியன்ஸ் 36-3 என்று நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது. அந்த 3 புள்ளியை எடுத்தவர் யார் தெரியுமா? கிளார்க்தான். பந்தைப் பிடித்து நின்ற இடத்திலிருந்து டிராப் கோல் அடித்தார், அதாவது பந்தைத் தரையில் போட்டு எழும்போதே கம்பங்களுக்கு நடுவே உதைத்தார். ப்ராப் ஆடுபவர் டிராப் கோல் அடிப்பது விக்கெட் கீப்பர் கையுறையைக் கழற்றிவிட்டுப் பந்து வீசி விக்கெட் எடுப்பது மாதிரி. ஆட்டக் கடைசியில் ஆல் பிளாக்ஸ் தலைவர் வில்சன் வைனரே பாஸ் கொடுப்பதுபோல் ஏமாற்றிவிட்டு ஓடி டிரை போட்டபோது, எதிர் ஊர் கூட்டம் அவரைப் பாராட்டிப் பாடத் தொடங்கிவிட்டது.

சரி, அந்த 1973 டிரை. அப்படி என்ன அதில் விசேஷம்?

முதலில் பின்னணி. 1971-ல் பிரிட்டன், அயர்லாந்து ஆட்டக்காரர்களில் சிறந்தவர்களைச் சேர்த்த பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் லயன்ஸ் அணி நியூசிலாந்து போய்த் தொடரை வென்றது. பயிற்சியாளர் வேல்ஸின் கார்வின் ஜேம்ஸ். அதே ஆட்டக்காரர்களில் பலர் 1973 ஜனவரி 27 அன்று பார்பேரியன்ஸ் ஜெர்சியில் ஆல் பிளாக்ஸை எதிர்கொண்டார்கள். தலைவர் ஜான் டாஸ். ஜேம்ஸ் ஆட்டத்துக்கு முன் வந்து பேசினார். கூச்ச சுபாவக்காரரான ஃபில் பென்னட்டிடம், லனெல்லி கிளப்பில் எப்படி ஆடுவாயோ அப்படியே ஆடு என்று சொல்லி அனுப்பினார்.

ஆட்டம் தொடங்கிச் சில நிமிடம்தான் ஆகியிருந்தது. ஆல் பிளாக்ஸின் பிரையன் வில்லியம்ஸ் பந்தை உயரமாக உள்ளே உதைத்தார். பென்னட் தன் கோல் கம்பங்களுக்கு அருகே முதுகைக் காட்டி ஓடிப்போய்ப் பந்தை எடுத்தார். அந்த இடத்தில் எவரும் பந்தை வெளியே உதைத்துவிட்டு மூச்சு விடுவார்கள். பென்னட் திரும்பினார். இடது, வலது, மறுபடி இடது என்று உடம்பை வெட்டி, பாய்ந்து வந்தவர்களை ஒவ்வொருவராக வெறும் புல்லில் விழ வைத்தார். பந்து ஜே.பி.ஆர். வில்லியம்ஸிடம் போனது. கழுத்தைப் பிடித்து இழுத்தும் அவர் விடாமல் ஜான் புலினுக்குக் கொடுத்தார். புலின் டாஸுக்கு, டாஸ் டாம் டேவிடுக்கு, அவர் ஒரு கையால் டெரெக் குவின்னலுக்கு. குவின்னல் பந்தை இடப்பக்கம் தள்ளும்போது பின்னாலிருந்து புயல் மாதிரி வந்து நடுவில் பந்தைப் பறித்துக்கொண்டு போனவர் எட்வர்ட்ஸ். இடது மூலையில் பாய்ந்து டிரை.

ஏழு பேர் கைமாறியதில் புலின் மட்டும் ஆங்கிலேயர், மற்ற ஆறு பேரும் வேல்ஸ்காரர்கள். வழக்கமான வர்ணனையாளர் பில் மெக்லாரனுக்கு உடம்பு முடியாததால் அன்று மைக்கைப் பிடித்தவர் முன்னாள் வேல்ஸ் ஆட்டக்காரர் கிளிஃப் மோர்கன். அவர் குரலும் அந்த டிரையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆட்டம் 23-11 என்று பார்பேரியன்ஸுக்கு. பலர் அந்த ஒரு டிரையோடு வீடியோவை நிறுத்திவிடுகிறார்கள். ஆல் பிளாக்ஸின் கிராண்ட் பாட்டி இரண்டாம் பாதியில் போட்ட இரண்டு டிரைகளையும் பாருங்கள், எதிரணியும் எப்படித் திறந்து ஆடியது என்று தெரியும்.

பெனால்டி கிடைத்தால் இவர்கள் கோலுக்கு உதைக்கவே மாட்டார்களாமே, உண்மையா?

எழுதப்பட்ட விதி இல்லை, பழக்கம். ரக்பியில் எதிரணி தவறு செய்தால் கம்பங்களுக்கு நடுவே உதைத்து 3 புள்ளி எடுக்கலாம். நிதானமாக ஜெயிக்க அதுதான் வழி. பார்பேரியன்ஸ் பெரும்பாலும் அதை விட்டுவிட்டு, பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி டிரைக்குப் போகும். கூட்டம் அதைப் பார்க்கத்தான் வருகிறது.

விதிவிலக்கு உண்டு. மேலே சொன்ன 1973 ஆட்டத்திலேயே பென்னட் ஒரு பெனால்டியை உதைத்தார். கணக்குப் போட்டால் தெரியும்: அன்று டிரைக்கு 4 புள்ளி, நான்கு டிரை 16, இரண்டு கன்வெர்ஷன் (டிரைக்குப் பிறகு கிடைக்கும் கூடுதல் உதை) 4, பெனால்டி 3, மொத்தம் 23.

ஒரு வாரம்தான் சேர்ந்து பயிற்சி என்றால் ஜெயிப்பது நடக்கிற காரியமா?

நடந்திருக்கிறது. 1961-ல் தென்னாப்பிரிக்க அணி பிரிட்டன் முழுக்கத் தோல்வியே காணாமல் சுற்றி வந்து, கார்டிஃபில் பார்பேரியன்ஸிடம் 6-0 என்று தோற்றது. எதிரணித் தலைவர் அவ்ரில் மாலனை ஹேடன் மெயின்வாரிங் மோதி நிறுத்திய டேக்கிளைப் பற்றி வேல்ஸில் இன்னும் பேசுவார்கள். 2009-ல் லண்டனின் டுவிக்கனம் மைதானத்தில் ஆல் பிளாக்ஸை 25-18 என்று ஜெயித்தபோது பிரையன் ஹபானா மூன்று டிரை. 2018-ல் இங்கிலாந்தை 63-45. 2022-ல் மறுபடி இங்கிலாந்தை 52-21, அதுவும் முதல் பாதியிலேயே ஒருவர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறிய பிறகு. அந்த ஆட்டத்தோடு ஓய்வு பெற்ற ஜார்ஜ் குரூஸ், ஸ்க்ரம்மில் தள்ளும் நெடிய ஆள், மூன்று கன்வெர்ஷன் அடித்தார். அதில் ஒன்றைக் குதிகாலால் பின்பக்கமாக உதைத்துப் போட்டார்.

தோல்விகளும் ஏராளம். 2013-ல் ஹாங்காங்கில் லயன்ஸிடம் 59-8. சேர்ந்து ஆடிப் பழகாத 15 பேரின் தற்காப்பில் ஓட்டை விழத்தான் செய்யும்.

இந்த ஆட்டங்கள் சர்வதேசக் கணக்கில் சேருமா?

பொதுவாகச் சேராது. எதிரணி நாடு விரும்பினால் தன் ஆட்டக்காரர்களுக்குக் கேப் தரலாம். வேல்ஸ் 1990-லும் 2011-லும் அப்படித் தந்தது. 1990 ஆட்டம் கிளப்பின் நூற்றாண்டை ஒட்டியது. இரண்டிலும் வேல்ஸ் தோற்றது.

இவ்வளவு நல்லவர்கள் நிறவெறித் தென்னாப்பிரிக்காவுக்கு ஏன் போனார்கள்?

நியாயமான கேள்வி, சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். 1957-ல் கனடாவுக்குப் போனதுதான் கிளப்பின் முதல் கடல்கடந்த பயணம். அடுத்த வருடமே தென்னாப்பிரிக்கா போனார்கள், 1969-லும் போனார்கள். அங்கே கறுப்பினத்தவர் நாட்டு அணிக்கு ஆட முடியாத காலம் அது. நிறம் பார்க்க மாட்டோம் என்ற கிளப், நிறம் பார்த்து அணி சேர்த்தவர்களோடு ஆடியது. அன்று பிரிட்டனின் ரக்பி உலகம் மொத்தமும் விளையாட்டு வேறு அரசியல் வேறு என்று சொல்லிக்கொண்டிருந்தது. அது சரியான பதிலாக எனக்கு அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை.

1979-ல் தென்னாப்பிரிக்க பார்பேரியன்ஸ் என்ற தனி அணி பிரிட்டன் வந்தது. வெள்ளையர் 8, கலப்பினத்தவர் 8, கறுப்பினத்தவர் 8 என்று கணக்குப் போட்டுச் சேர்த்த அணி. அதில் வந்த எரல் டொபியாஸ் 1981-ல் தென்னாப்பிரிக்க நாட்டு அணிக்கு ஆடிய முதல் கலப்பினத்தவர் ஆனார். அந்த அணியின் வருகையையும் பலர் எதிர்த்தார்கள். நிறவெறி ஆட்சி அதை விளம்பரமாகப் பயன்படுத்திக்கொள்ளும் என்பது அவர்கள் வாதம்.

'தென்னாப்பிரிக்க பார்பேரியன்ஸ்' என்றால்? இது எத்தனை பார்பேரியன்ஸ்?

மூலக் கிளப்பைப் பார்த்துப் பல நாடுகளில் அதே பெயரில் அழைப்பு அணிகள் தொடங்கினார்கள். நியூசிலாந்து பார்பேரியன்ஸ் 1937-ல் வந்தது. பிரெஞ்சு பார்பேரியன்ஸும் பெயர்போனது. எந்த நாட்டுப் பெயரும் ஒட்டாமல் வெறுமனே 'பார்பேரியன்ஸ்' என்றால் 1890-ல் பிராட்ஃபோர்டில் பிறந்ததைத்தான் குறிக்கும்.

கிளப்பை நடத்துவது யார்?

ஒரு சிறு குழுவும் ஒரு தலைவரும். தலைவர்கள் நெடுங்காலம் இருப்பார்கள். கார்ப்மேலே 1936-ல் இறக்கும்வரை தலைவர். 1955 முதல் 1973 வரை இருந்த பிரிகேடியர் கிளின் ஹியூஸ் ராணுவ மருத்துவர். 1945 ஏப்ரலில் நாஜிகளின் பெர்கன்-பெல்சன் முகாமை பிரிட்டிஷ் படை மீட்டபோது அங்கே முதலில் நுழைந்த மருத்துவ அதிகாரிகளில் ஒருவர். மிக்கி ஸ்டீல்-பாட்ஜர் 1988-லிருந்து 2019-ல் இறக்கும்வரை இருந்தார். இங்கிலாந்துக்கு ஆடியவர், தொழிலால் கால்நடை மருத்துவர்.

ஆட்டக்காரர்களில் அதிக முறை ஆடியவர் அயர்லாந்தின் டோனி ஓ'ரைலி: 30 ஆட்டம், 38 டிரை.

பெண்கள் அணி உண்டா?

உண்டு. 2017 நவம்பரில் அயர்லாந்தின் லிமரிக் நகரில் மன்ஸ்டர் அணியை எதிர்த்து முதல் ஆட்டம், 19-0 வெற்றி. 2019-ல் டுவிக்கனமில் இங்கிலாந்தோடு ஆடினார்கள். அதே ஜெர்சி, அதே சாக்ஸ் மரபு. 127 வருடம் கழித்து வந்தது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

2020-ல் ஏதோ தப்பு செய்து ஆட்டமே ரத்தானதாமே?

ஆமாம். கொரோனா காலத்தில் டுவிக்கனமில் இங்கிலாந்தோடு ஆட வேண்டியிருந்தது. தங்கியிருந்த ஹோட்டலை விட்டு வெளியே போகக் கூடாது என்பது பாதுகாப்பு ஏற்பாடு. ஆட்டக்காரர்கள் பலர் அதை மீறி வெளியே போனார்கள். ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு எல்லாம் ரத்து. இங்கிலாந்து ரக்பி சங்கம் விசாரித்துத் தண்டனை கொடுத்தது.

பயணம் போனால் ஆட்டத்துக்குப் பிறகு எதிரணியோடும் தோழர்களோடும் கலகலப்பாக இருப்பது இந்தக் கிளப்பின் பிறவிக் குணம். கார்ப்மேல் கதையில் பார்த்தோம். ஆனால் மேலே சொன்ன இரண்டு தகுதிகளில் இரண்டாவதை அன்று கைவிட்டார்கள். எதிரணியின் நம்பிக்கையும், ஆட்டம் இல்லாத அந்த நாட்களில் அதை நம்பியிருந்த வருமானமும் சேர்ந்து போயின. மறு வருடம் சமோவாவோடு ஆட வேண்டியதும் கடைசி நேரத்தில் ரத்தானது. அதற்குக் காரணம் தொற்று.

இப்போது எல்லோரும் சம்பளத்துக்கு ஆடுகிறார்கள். இந்த அணிக்கு இனி என்ன வேலை?

1995 ஆகஸ்டில் ரக்பி யூனியன் தொழில்முறை ஆட்டமானது. அதன் பிறகு ஆட்டக்காரர்களின் நேரம் கிளப்களுக்குச் சொந்தமாகிவிட்டது. பார்பேரியன்ஸும் விளம்பரதாரர், பெரிய அரங்கம் என்று மாறியது. ஆட்டங்கள் குறைந்தன. நான் முன்பு சொன்ன பெனார்த் போன்ற ஊர்களுக்குப் போகும் வழக்கம் போனது. அதை ஈடுசெய்ய முடியாது.

ஆனால் ஆட்டக்காரர்களைக் கேளுங்கள். வருடம் முழுக்க வீடியோ அலசல், எடை அளவு, திட்டம் என்று வாழ்கிறவர்களுக்கு இந்த ஒரு வாரத்தில் யாரும் திட்டத்தாள் நீட்டுவதில்லை. பத்து வருடம் எதிரியாகவே பார்த்த ஒருவனோடு ஒரே அறையில் தங்குகிறார்கள். ஓய்வு பெறும் பலர் தங்கள் கடைசி ஆட்டமாக இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

1973 ஆட்டத்தை முழுதாகப் பாருங்கள், டிரையை மட்டும் பார்க்காதீர்கள். அடுத்து 2022 ஆட்டம். விதி எதுவும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கையால் கொடுக்கும் பந்து பின்னோக்கித்தான் போக வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். 2022 ஆட்டத்தில் படம் தெளிவு. லைன்-அவுட் வரும்போது நிறுத்தி, கால்களைப் பாருங்கள்.